நல்லபடியாக முடிந்தது

அத்தியாயம் 17

ஞாயிறு பூசையில் எழுந்தேற்ற மணி அடித்தது. கோயில் முழுக்க மண்டியிட்டுத் தலை குனிந்திருந்தது. அந்த அமைதிக்கு நடுவில் பெலிண்டாவின் கைப்பைக்குள்ளிருந்து சைரன் அலறியது.

சாதாரண ரிங்டோன் இல்லை. தீயணைப்பு வண்டி தெருவுக்குள் திரும்பியது போன்ற ஊளை. முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பாடகர் குழுவில் யாரோ வேண்டுமென்றே இருமினார்கள்.

"அணைம்மா அதை! மானம் போகுது" என்று மாமியார் லூர்துராணி முக்காட்டுக்குள்ளிருந்து பல்லைக் கடித்தாள்.

அணைக்க முடியாது. பெலிண்டாவே அதை அப்படித்தான் அமைத்திருந்தாள். போனை மௌனத்தில் போட்டாலும் கத்தும். இரண்டே காரியங்களுக்குத்தான் கத்தும். மருத்துவமனை டேட்டாபேஸின் நகல் இரவில் எடுக்கப்படாமல் போனால் ஒன்று. டேட்டாபேஸே விழுந்துவிட்டால் மற்றொன்று. முதல் காரியத்துக்கு அது கத்தி மாதக்கணக்காகிவிட்டது. இரண்டாவதற்கு இதுவரை கத்தியதே இல்லை.

பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வெளியே ஓடினாள். ஆண்கள் பக்கத்திலிருந்து அவள் கணவன் ஆஸ்டினும் எழுந்து பின்னால் வந்தான்.

வெளியே வந்ததும் அதே போனில் பெனடிக்ட் கூப்பிட்டான். ஆஸ்டினின் தம்பி. ஞாயிறு டியூட்டி அவனுக்கு.

"அண்ணி, கரண்டு போய்ட்டு வந்துச்சு. யூபிஎஸ் தாங்கல. சர்வர் எந்திரிச்சிருச்சு. ஆனா டிஸ்க் ரெண்டு வரவே இல்ல."

"ரெண்டுமா?"

"ரெண்டும்தான் அண்ணி."

ஒன்று போனால் இன்னொன்று தாங்கும். அதற்காகத்தான் ஜோடியாக வைப்பது. ஜோடியாகவே போய்விட்டால் பேக்கப் ஒன்றுதான் கதி.

"சரி, பதறாதே. நேத்து ராத்திரி பேக்கப் இருக்கு. காலைல மெயில் பார்த்தேன். நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதே. அந்த மெஷின்ல ஒரு எழுத்துகூட யாரும் எழுதக் கூடாது. புரியுதா?"

அவன் தொண்டையைச் செருமினான்.

"பென்னி?"

"கரண்டு போறதுக்கு முன்னாடி, இடம் பத்தலைன்னு காட்டுச்சுன்னு கொஞ்சம் கிளீன் பண்ணேன் அண்ணி. நீங்க சொல்லித் தந்த மாதிரிதான். கடைசி ஏழு நாள் பேக்கப்பை வச்சுட்டு, பழசையெல்லாம் அழிச்சிட்டேன்."

"சரிதானே. ஏழு இருக்குல்ல? வரேன்."

செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டபோது உள்ளே ‘பரலோகத்தில் இருக்கிற’ ஜெபம் ஆரம்பித்திருந்தது.

* * *

மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவுக்குக் ‘குடும்ப டிபார்ட்மென்ட்’ என்று பெயர். அண்ணன் ஆஸ்டின் மென்பொருள் எழுதுகிறவன். அவன் மனைவி பெலிண்டா டேட்டாபேஸைக் காக்கிறவள். தம்பி பெனடிக்ட் அவளுக்கு உதவியாள். ஒரே அறை, ஒரே டிபன் கேரியர். லாகினும் ஒன்றுதான், பாஸ்வேர்டும் ஒன்றுதான். தணிக்கைக்கு வருகிறவர், ஆளுக்கு ஒன்று தனித்தனியாக வையுங்கள் என்று ஒவ்வொரு முறையும் எழுதிவிட்டுப் போவார். "ஒரே சட்டியில சாப்பிடுறோம், இதுல என்ன சார் தனித்தனி" என்று ஆஸ்டின் சிரிப்பான். பெலிண்டாவும் கூடச் சேர்ந்து சிரித்தவள்தான்.

சிரிப்பெல்லாம் பிப்ரவரி வரைக்கும். பிப்ரவரியில் அவள் வயிற்றில் ஐந்து மாதமாக இருந்த பெண் பிள்ளை தங்கவில்லை. கேத்தரின் என்று பெயர்கூட வைத்துவிட்டிருந்தார்கள். அவள் வீட்டில் படுத்துக் கிடந்த நாட்களில்தான், ஆள் இல்லையே என்று பெனடிக்டை வேலைக்குச் சேர்த்தார்கள். ஈஸ்டருக்குப் பிறகு அவள் திரும்பி வந்தாள். வேலை பார்த்தாள், சாப்பிட்டாள், கேட்டால் பதில் சொன்னாள். அதற்கு மேல் யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

சர்வர் அறையின் குளிரில் பெனடிக்ட் வியர்த்துப்போய் நின்றான். முகத்தில் பூனை மீசை. தலையில் ஞாயிறுக்காகத் தடவிய எண்ணெய்.

"நகரு" என்று நாற்காலியில் உட்கார்ந்தாள் பெலிண்டா. "மாற்று மெஷினைத் தயார் பண்ணு. நேத்து பேக்கப்பை அதுல ஏத்துவோம். மத்தியானத்துக்குள்ள டாக்டர்ஸ் வேலை பார்க்கலாம்."

நேற்றைய ஃபைலைத் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை.

அளவைப் பார்த்தாள். மருத்துவமனையின் முழு உயிரும் இருக்க வேண்டிய ஃபைல், ஒரு போட்டோ அளவுகூட இல்லை.

முந்தாநாள் ஃபைலைத் திறந்தாள். அதற்கு முந்தைய நாளையும். ஏழையும் திறந்து பார்த்தாள். ஏழும் வெறும் கூடு. பெயர் சரியாக இருந்தது, தேதி சரியாக இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"மெயில் வந்துச்சே" என்றாள். அவள் குரலே அவளுக்குப் பழக்கமில்லாததாக இருந்தது. "தினமும் காலைல வந்துச்சே. ‘பேக்கப் நல்லபடியாக முடிந்தது.’ இன்னிக்கும் வந்துச்சு."

ஆஸ்டின் சுவரோரம் இருந்த ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தான்.

"பென்னி, நீ அழிச்ச பழசு, எது வரைக்கும்?"

"போன வருஷத்துல இருந்து, போன வாரம் வரைக்கும் அண்ணி."

"அதுல பெரிய ஃபைல் இருந்துச்சா? சைஸ் பார்த்தியா?"

"இருந்துச்சு. பிப்ரவரிக்கு முன்னாடி இருந்ததெல்லாம் ரொம்பப் பெருசா இருந்துச்சு. அதான் இடத்தை அடைச்சிட்டிருக்குன்னு அதை முதல்ல..."

அவனுக்கும் இப்போதுதான் புரிந்தது. உயிருள்ளதை அழித்துவிட்டுக் கூடுகளை வைத்திருக்கிறான்.

அழித்ததை மீட்கிற நிரலை ஓட்டிப் பார்த்தாள். ஸ்கேன் அறையிலிருந்து வரும் படங்களும் பேக்கப் கிடக்கும் அதே வட்டில்தான் விழும். பழைய பேக்கப் காலி செய்த இடத்தில் காலையிலிருந்து வேறு யாரோ ஒருவருடைய நுரையீரலும் முதுகெலும்பும் வந்து உட்கார்ந்துவிட்டிருந்தன. நிரல் துண்டு துண்டாக ஏதேதோ காட்டியது. ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

"செத்த டிஸ்கைச் சென்னைக்கு அனுப்பலாம்" என்றான் ஆஸ்டின். "டேட்டா மீட்கிற கம்பெனி இருக்கு."

அவளே போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமையிலும் எடுத்தார்கள். விவரம் கேட்ட பிறகு அந்தப் பக்கத்துக் குரல் சொன்னது: "அனுப்புங்க மேடம், பார்க்கிறோம். ஆனா ரெண்டும் ஒரே நேரத்துல போயிருந்தா நாங்க வாக்கு குடுக்கிறதில்ல. குறைஞ்சது ரெண்டு மூணு வாரம் ஆகும்."

போனை வைத்தபோது கதவருகே டாக்டர் சம்ரீன் நின்றிருந்தார். புற்றுநோய்ப் பிரிவு.

"பெலிண்டா, நாளைக்குக் காலைல என் பேஷன்ட்ஸுக்கு மருந்து ஏத்தணும். ஸ்கிரீன் வரலை. எப்ப வரும்?"

"டாக்டர், பழைய விவரம் இல்லாம ஏத்த முடியாதா?"

"இருங்க, காட்டுறேன்."

நடைபாதைக்குக் கூட்டிப் போனார். பெஞ்சில் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். மொட்டை போட்டது போன்ற தலையில் சிவப்புத் துண்டு. மடியில் ஒயர்கூடை.

"இவங்க இருசம்மாள். துறையூருக்கு அந்தப் பக்கம். திங்கட்கிழமை மருந்துக்கு ஞாயித்துக்கிழமையே வந்துடுவாங்க. ஏம்மா, இதுவரைக்கும் எத்தனை தடவை மருந்து ஏத்திருக்கு?"

"அது யாரு கண்டா" என்று இருசம்மாள் சிரித்தாள். "வர்றேன், படுக்கச் சொல்றாங்க, செவப்புத் தண்ணி ஏறுது, போறேன். நோட்டு வச்சிருந்தேன் தாயி. இங்கதான், நோட்டு வேணாம் பாட்டி, எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குன்னு வாங்கிப் போட்டுட்டாங்க."

டாக்டர் பெலிண்டாவைத் தள்ளி அழைத்துப் போனார்.

"அந்தச் சிவப்பு மருந்துக்கு ஆயுளுக்கும் ஒரு கணக்கு இருக்கு. அதுக்கு மேல போனா இதயம் தாங்காது. இதுவரைக்கும் எவ்வளவு போயிருக்குன்னு தெரியாம ஏத்தினா நானே கொன்ன மாதிரி. ஏத்தாம விட்டா கட்டி வளரும். இந்த மாதிரி வார்டு நிறைய இருக்காங்க."

"மருந்தகத்துல பில்..."

"மருந்தக பில்லும் உங்க டேட்டாபேஸ்லதானே?"

ஆமாம். எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்ததற்காகப் போன வருடம் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

"சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க. இல்லைன்னா நாளைக்கு எல்லாரையும் திருப்பி அனுப்பணும்" என்று டாக்டர் சம்ரீன் போய்விட்டார்.

இருசம்மாள் பின்னாலிருந்து கேட்டாள்: "பொட்டி ரிப்பேரா தாயி? நீ படிச்ச புள்ள, சரி பண்ணிருவ."

* * *

கதவைச் சாத்திக்கொண்டு, இரவில் தானாக ஓடிப் பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்டைத் திறந்தாள் பெலிண்டா. அவளே வரிவரியாக எழுதிய கட்டளைகள். பிப்ரவரிக்குப் பிறகு அதை அவள் திறந்ததே இல்லை.

நான்காவது வரியில் பாஸ்வேர்டு. கேத்தரின்.

பார்த்த கணத்திலேயே விளங்கிவிட்டது. கர்ப்பம் என்று தெரிந்த வாரத்தில், பெண்ணாகத்தான் இருக்கும் என்று ஆசையாக வைத்த பாஸ்வேர்டு அது. பிள்ளை போன பிறகு வீட்டிலிருந்தபடி ஒருநாள் லேப்டாப்பைத் திறந்தாள். அந்தப் பெயரை அடிக்க விரல் வரவில்லை. அன்றே அதை மாற்றினாள். ஆஸ்டினுக்குப் புதியதைச் சொன்னாள். ஸ்கிரிப்டுக்குச் சொல்ல மறந்தாள்.

அன்றிலிருந்து ஒவ்வோர் இரவும் அந்த ஸ்கிரிப்டு டேட்டாபேஸின் கதவில் போய் நின்று, கேத்தரின் என்று சொல்லித் தட்டியிருக்கிறது. அப்படி யாரும் இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்கிரிப்டில் கீழே போனாள். அப்படித் திருப்பி அனுப்பினால் சைரன் கத்த வேண்டும். கத்தியது நினைவிருந்தது. அந்த நாட்களில் சில ராத்திரி அது ஊளையிட்டது. அவள் எழுந்து உட்கார்ந்தாள். லேப்டாப்பைத் தொடவில்லை. இருட்டில் அழுதுகொண்டே விடிய விடிய உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒருநாள் ஊளை நின்றது. காலையில் மெயில் வந்தது. தானாகவே சரியாகிவிட்டது என்று நம்பினாள். அவளே சொல்வாள், தானாகச் சரியானது தானாகவே கெடும் என்று. அப்படிச் சொன்னவளே அன்று நம்பிவிட்டாள்.

கடைசி வரிகளைப் படித்தாள். திரும்பப் படித்தாள்.

வேலை முடிந்ததா என்று பார்க்கும் வரி இல்லை. சைரனை எழுப்பும் வரியும் இல்லை. அந்த இடத்தில் ஒரே ஒரு வரி: எது நடந்தாலும் நடக்காவிட்டாலும், ‘நல்லபடியாக முடிந்தது’ என்று மெயில் அனுப்பு.

இதை அவள் எழுதவில்லை.

மாற்றிய தேதி, மார்ச் முதல் வாரம். மாற்றியவர் பெயர், மூன்று பேருக்கும் பொதுவான அந்த ஒரே லாகின். பெனடிக்ட் வேலையில் சேர்ந்ததும் மார்ச் முதல் வாரம்தான்.

"பென்னி, இங்க வா. இந்த வரியை எதுக்கு மாத்தினே?"

அவன் குனிந்து பார்த்தான். "நான் மாத்தல அண்ணி."

"சேர்ந்த புதுசுல என்ன பண்ணினேன்னு உனக்கு நினைவிருக்கா?"

"என்னென்னமோ திறந்து பார்த்தேன். எதுவும் மாத்துற அளவுக்கு அப்ப எனக்குத் தெரியாது."

"தெரியாததாலதான் மாத்திருக்கே! ராத்திரி என் போன்ல சைரன் அடிச்சதைக் கேட்டிருப்பே. பயந்திருப்பே. யார்கிட்டயும் கேக்கல. வாயை மூடிட்டே. எத்தனை தடவை சொல்லிருக்கேன்? மெயிலைப் பார்க்காதே, ஃபைலைப் பாரு. ஃபைலை மட்டும் பார்க்காதே, திறந்து பாருன்னு."

"நீங்க திறந்து பார்த்தீங்களா அண்ணி?"

அவன் கேட்டது துடுக்காக இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டான். அதுதான் சுருக்கென்றது.

முன்பெல்லாம் மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பாள். மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் பேக்கப்பை ஏற்றி, அது உயிரோடு எழுகிறதா என்று சோதிப்பாள். ஆஸ்டின் அதற்கு ஈஸ்டர் என்று பெயர் வைத்திருந்தான். ‘என்ன பெலி, கல்லறை திறந்துச்சா?’ என்பான். எழுந்துவிட்டால் மூவருக்கும் கேன்டீனில் வெங்காய பஜ்ஜி என்று இருந்தது, அப்போதிருந்த உதவியாளையும் சேர்த்து. பிப்ரவரிக்குப் பிறகு அவள் அதைச் செய்யவே இல்லை. பெனடிக்ட் ஒரு ஈஸ்டர்கூடப் பார்த்ததில்லை.

திடுக்கென்று நிமிர்ந்தாள்.

"ஆஸ்டின்! அந்தப் பழைய கம்ப்யூட்டர். ஜனவரியில ஏத்திப் பார்த்த டேட்டா அதுல இருக்கும். ஜனவரி வரைக்கும் கிடைச்சாலே போதும். அதுக்கப்புறம் நடந்ததை டாக்டர்ஸ் நினைவுல இருந்து கூட்டிக்கலாம். அது எங்கே?"

"நம்ம ஸ்ரீரங்கம் கிளினிக்குக்குக் குடுத்தாச்சு" என்றான் ஆஸ்டின். அவன் எழுந்தது கிழவன் எழுந்தது போல் இருந்தது. "வா, போலாம்."

* * *

காவிரிப் பாலத்தில் எதிர்க்காற்று. பைக்கின் பின்னால் உட்கார்ந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கீழே ஆற்றில் தண்ணீர் கரைதொட்டுப் போனது. அம்மா மண்டபத்துப் பக்கம் கூட்டம் குளித்துக்கொண்டிருந்தது.

"அட்மினிஸ்ட்ரேட்டர் ரெங்கராஜ் சார் ரிப்போர்ட் கேட்டிருக்கார்" என்றாள் காதருகே. "என்ன நடந்துச்சு, யாரால நடந்துச்சுன்னு. சாயங்காலம் டிரஸ்டிகிட்ட குடுக்கணுமாம்."

"என்ன எழுதப் போறே?"

"பாஸ்வேர்டு மாத்தினது நான். அதை எழுதுவேன். மெயிலைப் பொய் சொல்ல வச்சது பென்னி. அதையும் எழுதணும்."

ஆஸ்டின் வேகத்தைக் குறைத்தான். பின்னால் வந்த மினி பஸ் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுக் கடந்தது.

"அவன் பேரை எழுதாதே பெலி. என் பேரைப் போடு."

"பைத்தியமா உனக்கு?"

"நிஜமாத்தான் சொல்றேன். என் பேரைப் போடு."

"தம்பிக்காகத் தியாகம் பண்ற நேரமா இது? எனக்கு எப்படியும் வேலை போகும். உனக்கும் போனா வீட்டுல அடுப்பு எரியுமா? உங்க அம்மா மாத்திரைக்கு யார் பார்ப்பா? பேசாம வண்டியை ஓட்டு."

பேசாமல் வண்டியை ஓட்டினான். திருவானைக்காவல் திருப்பம் வரைக்கும் அவன் தோள் அவள் கைக்கடியில் இறுகியே இருந்தது. நல்ல மனசு இவனுக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

ஸ்ரீரங்கம் கிளினிக் ராஜகோபுரத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரு பூக்கடைக்கு மாடியில் இருந்தது. நிர்வாக அதிகாரி ரெங்கராஜ் அடுத்த தெருவில்தான் குடியிருந்தார். சாவியோடு வந்து நின்றார்.

"இதோ இருக்கும்மா உங்க கம்ப்யூட்டர்."

காத்திருப்போர் அறையின் மூலையில் அது இருந்தது. மேலே பெரிய திரை. டோக்கன் எண் காட்டவும், சர்க்கரை நோயாளி எதைச் சாப்பிடலாம் என்ற படம் ஓட்டவும் வைத்திருந்தார்கள்.

பெலிண்டா மண்டியிட்டு உட்கார்ந்து கேபிளை மாட்டினாள். காலையில் கோயிலில் மண்டியிட்டது நினைவு வந்தது. இயக்கினாள். உள்ளே தேடினாள். டோக்கன் நிரல். சர்க்கரை நோய்ப் படம். வேறெதுவும் இல்லை.

"இதைக் குடுக்கும்போது..." என்று ஆரம்பித்தாள்.

"சுத்தமாத் துடைச்சுத்தான் குடுத்தாங்க" என்றார் ரெங்கராஜ், ஆறுதல் சொல்வது போல. "நான்தான் கேட்டேன், அப்படியே எடுத்துட்டுப் போகலாமான்னு. முடியாது சார், நோயாளி விவரம் இருந்த மெஷின் வெளியே போனா ஒண்ணுக்கு மூணு தடவை துடைக்கணும், பெலிண்டா மேடம் ரூல்னு உங்க ஆளுங்களே சொன்னாங்க. துடைச்சதுக்கு நீங்க ஓகேன்னு மெயில்கூட அனுப்பினீங்களே."

அனுப்பியிருப்பாள். படுத்துக் கிடந்த நாட்களில் எது வந்தாலும் ஓகே என்று அனுப்பினாள். அவள் போட்ட விதிகளிலேயே ஒழுங்காக நடந்தது அது ஒன்றுதான்.

அவள் எழுந்திருக்கவில்லை. திரையில் ஒரு பெண், பாகற்காயை நறுக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்ப, ஒண்ணுமே இல்லையாம்மா?" என்றார் ரெங்கராஜ்.

"இல்ல சார்."

"சென்னைக்காரங்க?"

"வாக்கு குடுக்கல."

அவர் நல்ல மனிதர். போய்த் திரையை அணைத்தார். பிறகு சொன்னார்: "டிரஸ்டி ரெண்டு தடவை கூப்பிட்டுட்டார். ரிப்போர்ட்டை இங்கேயே எழுதிக் குடுத்துடுங்க. நீளமா வேண்டாம். யாருன்னு தெரிஞ்சா போதும். போலீஸ்ல கம்ப்ளைன்ட் குடுக்கணும்னு வேற சொல்றார்."

ஆஸ்டின் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டான். கீழே துளசி மாலை கட்டுகிறவளைப் பார்ப்பது போல நின்றான்.

பெலிண்டா போனிலேயே தட்டினாள். பாஸ்வேர்டு பற்றித் தன் பெயரோடு இரண்டு வரி. எச்சரிக்கை மெயிலை மாற்றியது பற்றி இரண்டு வரி. பெயர் வருகிற இடத்தில் விரல் நின்றது. பூனை மீசையும் தலை எண்ணெயும் கண்முன் வந்தன. கூடவே சிவப்புத் துண்டு கட்டிய தலையும் வந்தது.

பெனடிக்ட் என்று அடித்தாள். அனுப்பினாள்.

டாக்டர் சம்ரீனுக்குப் போன் செய்து, இல்லை என்று சொன்னாள். "சரி. நானே எல்லார்கிட்டயும் சொல்லிக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

* * *

பாலக்கரை வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பு ஆறிப்போயிருந்தது. சோற்றின் மேல் தட்டு கவிழ்த்தது கவிழ்த்தபடி இருந்தது.

பெனடிக்ட் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அவர்கள் வருவதற்குள் போன் வந்துவிட்டது. நாளை வர வேண்டாம். அடையாள அட்டையை வாசல் காவலரிடம் கொடுத்துவிடவும். ஊரை விட்டு எங்கும் போக வேண்டாம்.

"ஊரை விட்டுப் போகக் கூடாதாம்ல? என் பிள்ளை என்ன கொலையா பண்ணிட்டான்?" லூர்துராணி கரண்டியும் கையுமாக நடு வீட்டில் நின்றாள். "இவனும் வாயைத் தொறக்க மாட்டேங்கிறான். நீயாவது எனக்குப் புரியிற மாதிரி சொல்லும்மா. என்ன தப்புதான் பண்ணினான்?"

பெலிண்டா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். வாசலில் ஆஸ்டின் பைக்கை நிறுத்தும் சத்தம் கேட்டது. நிறுத்திவிட்டு உள்ளே வராமல் படியில் நின்றான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"நான் மாத்தல அண்ணி" என்றான் பெனடிக்ட் தரையைப் பார்த்தபடி. "நீங்க எழுதிட்டீங்க. பரவால்ல. ஆனா நான் மாத்தல."

"விடு பென்னி."

"விட முடியாதும்மா" என்றாள் லூர்துராணி. "எனக்குத் தெரிஞ்சாகணும். காலைல கோயில்ல கத்துச்சே ஒரு சைரன், அதுல இருந்து சொல்லு."

பெலிண்டா குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

"அத்தை, ஆஸ்பத்திரியில இருக்கிற எல்லா விவரத்தையும் ராத்திரி ராத்திரி ஒரு நகல் எடுத்து வைக்கணும். நகல் எடுக்க முடியாமப் போனா இந்தச் சைரன் அடிக்கும். நான் எந்திரிச்சு சரி பண்ணுவேன். பிப்ரவரியில இருந்து நகல் எடுக்க முடியல. ஆனா மார்ச்சுல இருந்து சைரன் அடிக்கல. ஏன்னா, யாரோ அதை அடிக்க விடாம நிறுத்தி, எது நடந்தாலும் எல்லாம் நல்லபடியா முடிஞ்சதுன்னு எனக்கு மெயில் வர்ற மாதிரி மாத்தி வச்சிட்டாங்க. நான் தினமும் அதைப் பார்த்து நிம்மதியா இருந்தேன். அந்த நேரத்துல புதுசா வந்தவன் பென்னிதான்."

லூர்துராணி கரண்டியைத் தட்டின் மேல் வைத்தாள். அவள் பார்வை மருமகளிடமிருந்து மெல்ல நகர்ந்து, வாசற்படியில் ஹெல்மெட்டோடு நின்றிருந்த மூத்த மகனிடம் போய், அங்கேயே நின்றது.

"ஏம்மா, நீ பிள்ளையைப் பறிகுடுத்துட்டு ராத்திரியெல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சு அழுதியே, அப்ப இவன்தானே எங்கிட்ட வந்து, இனிமே அந்தச் சைரன் அடிக்காதும்மா, என்ன ஆனாலும் நல்லபடியா முடிஞ்சதுன்னுதான் அவளுக்கு வரும், பாவம் அவ தூங்கட்டும்னு சொன்னான்?"